செள்ளு பார்க்கும் வேலை

ஊர் உலகத்தில் அரிசியில் புழு வந்தால் வெயிலில் காயப்போடுவார்கள். கத்தரிக்காயில் புழு இருந்தால் அந்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவார்கள். நான் அஞ்சாவது படித்த வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் புழுவுக்குப் பூச்சி பிடித்துவிடாமல் மூன்று பேர் காவல் காத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் யார் வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்று பேச்சு வரும். ஒருத்தி ஆடு என்பாள். ஒருத்தி லவ் பேர்ட்ஸ் என்பாள். நான் மீன் என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். மீனுக்குப் போடுவதற்குப் புழுவும் வளர்க்கிறோம், அந்தப் புழுவுக்குச் செள்ளுப்பூச்சி வந்திருக்கிறதா என்று தினமும் நான்தான் பார்த்துச் சொல்கிறேன் என்று அங்கே சொல்லித்தொலைக்க எனக்கென்ன கிறுக்கா?

அப்பா அதற்கு முன்னால் போர் வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். பூமியில் ஆழ்துளை போடுகிற லாரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வண்டி ஏறினால் ஆந்திரா, அதையும் தாண்டி மத்தியப் பிரதேசம் என்று மாசக்கணக்கில் ஊர் திரும்ப முடியாது. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது சுத்தமாக அடைத்துவிட்டது. வலது காதும் பாதிதான். ஒரு பொங்கலுக்கு வந்தவரை அம்மா விடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் காட்டினாள். இன்னும் அந்தச் சத்தத்தில் நின்றால் இருக்கிற காதும் போய்விடும், அப்புறம் மிஷின் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அப்பா, கேட்காத காது பக்கமாக அவளை நடக்கவிட்டுக்கொண்டு வந்தார். ஆனால் அதற்கப்புறம் அவர் வண்டி ஏறவில்லை.

வண்டியில் கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டில் ஃபைட்டர் மீன் வளர்த்துக் கலர் மீன் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் மாடியில். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, மேலே சிமெண்ட் ஷீட், முன்னால் கொஞ்சம் மொட்டைமாடி. அந்த மொட்டைமாடியில் பழைய பிரிட்ஜ் ஒன்றை மல்லாக்கப் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். சுவரோரமாகக் காலிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒரு பாட்டிலுக்கு ஒரு ஆண் மீன். இரண்டை ஒன்றாகப் போட்டால் கிழித்துக்கொண்டு செத்துவிடும். அப்பா அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு கோபக்கார மீன், ஒரு சத்தமாவது போடுகிறதா பார் தாயி என்று என்னிடம் அதிசயமாகச் சொல்வார்.

பெரிய மீனை வளர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. குஞ்சுதான் பாடாய்ப் படுத்தும். ஆண் மீன் தண்ணீருக்கு மேலே நுரையால் கூடு கட்டி அதில் முட்டையை வைத்துக் காவல் காக்கும். அதிலிருந்து வருகிற குஞ்சு சீரகத்தில் பாதிகூட இருக்காது. அதற்குக் காய்ந்த தீனி ஆகாது. நெளிகிற, உயிருள்ள தீனியாக இருந்தால்தான் வாயைத் திறக்கும். அதற்காகத்தான் புழு. அப்பா மதுரைக்குப் போய் ஒருவரிடம் தாய்ப்புழு வாங்கி ஊறுகாய் டப்பாவில் கொண்டுவந்தார். நூலைப் பொடிப்பொடியாக வெட்டிப்போட்ட மாதிரி வெள்ளையாக இருக்கும். தேங்காய் நார்த் தூளை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே கொஞ்சம் ஓட்ஸ் தூவி, அதில் விட்டால் பெருகிக்கொண்டே போகும். டப்பா வாய்க்கு மூடி போட்டால் புழுவுக்கு மூச்சு முட்டும் என்று அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தோம்.

புழு மட்டும் பெருகியிருந்தால் நாங்களும் பெருகியிருப்போம். நமக்கு எங்கே அப்படி நடக்கிறது? முதல் தடவை எறும்பு வந்தது. எந்தச் சந்தில் இருந்து வந்ததோ, ஒரே பகலில் டப்பாவைக் காலி பண்ணிவிட்டுப் போனது. அந்தத் தடவை பிறந்த குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அப்பா ஸ்டாண்டு வாங்கி, அதன் நாலு காலையும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினார். அம்மா குழம்பு ஊற்றக் கிண்ணம் இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை செள்ளு வந்தது. கோழிக்கு வருமே, அந்த ஜாதி. மண் நிறத்தில் ஊசி முனை அளவுக்கு இருக்கும். சும்மா பார்த்தால் தூசி மாதிரி தெரியும், உற்றுப் பார்த்தால் அந்தத் தூசி நடக்கும். முதலில் ஓட்ஸைத் தின்னும், அப்புறம் புழுவுக்கு இடமே இல்லாதபடி டப்பா முழுக்க மொய்த்துக்கொள்ளும். அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். நார்த் தூளிலேயே அதன் முட்டை இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தூளை அம்மாவின் இட்லிப் பானையில் வைத்து அவித்தார். அதற்கப்புறம் ஒரு மாசம் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. அம்மா அந்தப் பானையைத் தொடமாட்டேன் என்று சத்தியமே பண்ணிவிட்டாள். டப்பாவில் தண்ணீரை நிரப்பிச் செத்த நேரம் விட்டால் புழு அடியில் தங்கும், செள்ளு மேலே மிதக்கும், சாய்த்து ஊற்றிவிடலாம் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஒரு வாரத்தில் மறுபடி வரும்.

வந்த முதல் நாளே பிடித்துவிட்டால் தப்பிக்கலாம். அப்பாவுக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அதனால் செள்ளு பார்க்கும் வேலை எனக்கு வந்தது. காலையில் பல் விளக்கியதும் டார்ச்சு லைட்டும் பழைய லென்ஸும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் பார்க்க வேண்டும். ஓட்ஸின் ஓரத்தில்தான் முதலில் தெரியும். நான் இருக்கு என்று சொன்னால் இருக்கும், இல்லை என்று சொன்னால் இருக்காது. அந்த விஷயத்தில் நான் ஒரு தடவையும் தப்பியதில்லை. அப்பா எல்லோரிடமும் எம் மக கண்ணு பருந்துக் கண்ணு என்று சொல்லிக்கொள்வார். எனக்கு அதில் ரொம்பத் தலைக்கனம் உண்டு.

எங்கள் வீட்டுச் சோறு அப்போது அம்மாவின் பூவில் வந்தது. மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்கார அக்காவிடம் உதிரி மல்லிகையும் முல்லையும் வாங்கிவந்து கட்டிக் கொடுப்பாள். பூ ஈரமான வெள்ளைத் துணியில் பொதிந்து வரும். அதைப் பிரிக்கும்போது ரூம் முழுக்க வாசம் அடிக்கும். மல்லிகை வாசத்துக்கு அடியில் லேசாக மூக்கைக் கரிக்கிற மாதிரி இன்னொரு வாசமும் இருக்கும். மல்லிகை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். சாயங்காலம் அம்மா விரல்களைத் தேங்காய் எண்ணெயில் தேய்த்துக்கொள்வாள், அரிக்கிறது என்பாள்.

ஒருநாள் நான் லென்ஸை வைத்துக்கொண்டு சும்மா இராமல் முல்லை மொட்டைப் பார்த்தேன். உள்ளே பொடிப்பூச்சி ஒன்று நடந்தது. உடனே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அது வேறு ஜாதிப் பூச்சி என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. பூவில்தான் செள்ளு வீட்டுக்குள் வருகிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். இனிமேல் பூவும் பூத்துணியும் ரூமுக்குள் வரக்கூடாது, கட்டுவதென்றால் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கட்டு என்றார். அன்றைக்கு நடந்த சண்டை கீழ்வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் உச்சக்குரலில்தான் நடக்கும்.

"சோறு போடுறது எம் பூவு. ஒங்க புழு இல்ல" என்று அம்மா கத்தினாள்.

கத்திவிட்டு அம்மாவே கூடையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். கீழே வீட்டுக்காரம்மா ஏற இறங்க அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போதெல்லாம், புருஷன் வீட்டைவிட்டுத் தள்ளிட்டானா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள். தினமும் ஏதாவது ஒரு சண்டை இருக்கும். புழுவுக்கு வாங்கிய ஓட்ஸைப் பற்றி, கிண்ணத்தைப் பற்றி, கை கழுவாமல் டப்பாவைத் தொட்டதைப் பற்றி. கை கழுவினாலும் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. சோப்பு பட்டது, பவுடர் பட்டது, சாயம் போகிறது எதுவும் டப்பா பக்கம் வரக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். புழு தோலாலேயே மூச்சுவிடும், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் போச்சு என்று படித்துப் படித்துச் சொல்வார்.

மூன்றாவது தடவை குஞ்சு பொரித்தபோது பங்குனி முடியப்போகிறது. அந்தத் தடவைதான் எல்லாம் கூடி வந்தது. குஞ்சு ஏராளம். புழு டப்பாக்கள் சுத்தமாக இருந்தன. ஒரு டப்பாவைக் கீழே வீட்டுக்காரம்மாவின் மாடிப்படிக்கு அடியில் தனியாக வைத்திருந்தார் அப்பா. மேலே செள்ளு வந்து எல்லாம் அழிந்தாலும் கீழே இருக்கிறதை வைத்துத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று. குஞ்சுகள் நாளுக்கு நாள் வளர்ந்து, சிலதுக்கு வாலில் நீலம் தெரிய ஆரம்பித்தது. அம்மாவே மனசு மாறிவிட்டாள். தலை பின்னிவிடும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இந்தக் குஞ்சு மட்டும் தேறிருச்சுன்னா ஒங்கப்பா எங்கிட்டும் போகமாட்டாரு. மாரியாத்தாளுக்கு மாவிளக்கு வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன். யார்ட்டயும் சொல்லாத."

போர் வண்டி முதலாளி அடிக்கடி போன் பண்ணிக்கொண்டிருந்தார். அப்பாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அதனால் வீட்டுக்கே கேட்கும். வைகாசி பிறந்ததும் வண்டி கிளம்புகிறது, வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லு, நான் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்பார். அப்பா சித்திரை முடியட்டும்ணே, சொல்றேன் என்று நழுவிக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் நேராகப் போய்க் குஞ்சுத் தொட்டியைப் பார்ப்பார். நானும் பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். அப்பா வண்டிக்குப் போனால் காது போய்விடும், குஞ்சு தேறினால் காது தப்பிக்கும். அது எனக்குத் தெளிவாகத் தெரியும். குஞ்சு தேறப் புழு வேண்டும். புழுவைக் காப்பாற்றுவது என் கண்ணு. ஒரு சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் யார் தருவார்கள்?

சித்திரை வெயில் எங்கள் ஊரில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியெல்லாம் நம் மேலே ஊதும். சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் வேகிற அரிசி மாதிரிதான் கிடப்போம். அப்பா டப்பாக்களையெல்லாம் ரூமில் தண்ணீர்க் குடம் வைக்கிற மூலைக்கு மாற்றினார். அங்கேதான் தரை கொஞ்சம் சில்லென்று இருக்கும். அதே வாரம் கீழ்வீட்டம்மா லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், புழுவையெல்லாம் பார்த்தால் அலறும், ஒன் டப்பாவை எடுத்துக்கப்பா என்று சொல்லிவிட்டாள். அந்த டப்பாவும் அதே மூலைக்கு வந்து சேர்ந்தது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் அப்பா மதுரைக்குப் போனார். கலர் மீன் கடைக்காரர் ஒருவர் நல்ல ஆண் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். பிடித்தால் குஞ்சு வளர வளரத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கையில் பாட்டிலோடு, மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி கிளம்பினார். நான் டப்பாக்களைப் பார்த்துச் சொன்னேன். ஒரு டப்பாவில் மட்டும் ஓரத்தில் நாலைந்து செள்ளு இருந்தது. வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், நீ சரியாப் பிடிச்சுட்ட என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறியிருக்க மாட்டார், கரண்ட் போனது. மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துவார்களே, அந்த நாள். ஃபேன் நின்றதும் ரூம் அடுப்பாகிவிட்டது. மத்தியானம் அம்மா டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறினாள். "அடியாத்தீ, சுடுதுடி. வெந்துருமே எல்லாம்" என்றாள். அப்பாவுக்குப் போன் பண்ணினாள். மதுரை டவுன் பஸ் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர் மீனைப் பற்றி என்னவோ பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா ஈரத் துணி போர்த்தி வைக்கலாம் என்று முடிவு பண்ணினாள். எந்தத் துணி என்பதில்தான் அவள் அவ்வளவு யோசித்தாள். இன்றைக்கும் அவள் யோசித்துக்கொண்டு நின்ற அந்த இடம் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. துண்டை எடுத்தாள், சோப்புப் போட்டுத் துவைத்தது என்று வைத்துவிட்டாள். பழைய சேலையை எடுத்தாள், சாயம் போகும் என்று வைத்துவிட்டாள். அப்பாவின் வேட்டியில் நீலம் போட்டிருந்தது. அப்புறம் அவள் முகம் தெளிந்தது. படிக்கட்டுக்குப் போய்ப் பூ வந்த வெள்ளைத் துணிகளை எடுத்துவந்தாள். சோப்பே காணாத துணி. சாயம் இல்லை, நீலம் இல்லை. பூவை வாடாமல் வைத்திருக்கிற துணி, எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். உதறி உதறிப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பூச்சியும் இல்லை என்றேன். அது உண்மைதான், அதில் ஒரு பூச்சியும் உயிரோடு இருக்க வழியில்லை. அம்மா துணியை நனைத்து டப்பாக்களின் மேலே போர்த்தினாள். காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். அன்று மத்தியானம் அவள் பூவே கட்டவில்லை. அந்த மூலையிலேயே உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்தபின்தான் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள்.

அப்பா சாயங்காலம் வந்தார். படி ஏறும்போதே சிரிப்பு. கடைக்காரருக்கு மீன் பிடித்துவிட்டது, குஞ்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாராம். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அப்பா ரூமுக்குள் வந்து டப்பாக்களைப் பார்த்ததும் நின்றார். வெளியிலிருந்து அம்மா சத்தமாக, பெருமையாகச் சொன்னாள்.

"கரண்ட் இல்லீங்க. நாந்தான் ஈரத்துணி போட்டு வெயில அண்டவிடாம வச்சிருந்தேன். பயப்படாதீக, சோப்பு படாத துணிதேன், பூத்துணி."

அப்பா துணியை எடுத்தார். எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு முன்னால் தக்காளிக்கும் கத்தரிக்கும் முதுகில் டேங்க் மாட்டி மருந்தடித்தவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை முகர்ந்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாக ரப்பர் பேண்டைக் கழற்றினார். வழக்கமாகத் திறந்ததும் மேலே வெள்ளையாக நெளியும். அன்று ஒன்றும் நெளியவில்லை. நார்த் தூளின் மேலே கஞ்சி காய்ந்த மாதிரி படிந்து கிடந்தது. கீழ்வீட்டிலிருந்து வந்த டப்பாவும் அப்படியே.

என்னாச்சுங்க என்று அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"செள்ளு" என்றார் அப்பா. "செள்ளு ஏறிருச்சு புள்ள. காலைலயே நாந் தண்ணி ஊத்தாமப் போயிட்டேன்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தேன். காலையில் நாலைந்து இருந்த டப்பாவில் அந்த நாலைந்தும் செத்து மல்லாந்து கிடந்தன. மற்ற டப்பாக்களில் ஒன்றுகூட இல்லை. "செள்ளே இல்லப்பா, இருந்ததும் செத்துக் கெடக்கு" என்று கத்தினேன். அப்பா டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார். ஒனக்குச் சரியாப் பாக்கத் தெரியல என்றார். என்னை! நான் அழுதுகொண்டே மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். பருந்துக் கண்ணு என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன் அம்மா முன்னால் என்னை அப்படிச் சொல்லிவிட்டாரே என்பது ஒன்றுதான் எனக்கு. அவர் அந்தத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்ததை மேலிருந்து பார்த்தேன். பூக்கடை அக்கா துணியைக் கேட்டால் என்ன சொல்வாராம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

புதுப் புழு வாங்கிவந்தாலும் அது பெருகுகிற வரைக்கும் குஞ்சு தாங்காது என்று அம்மா முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் நாறியதுதான் மிச்சம். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போய்விட்டது. திரும்ப ஆரம்பிக்கப் புதுப் புழு வாங்க அப்பா மதுரைக்குப் போவார், போவார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை. வைகாசி பிறந்ததும் வண்டி ஏறினார். சில வருஷம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது வலது காதும் போயிருந்தது. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவுக்குப் பூக்கட்ட நார் எடுத்துக் கொடுப்பார், கடைக்குப் போய்வருவார். யாராவது கேட்டால் அம்மா இன்றைக்கும் சொல்வாள், பாழாப்போன அந்தச் செள்ளு மட்டும் வரலைன்னா இந்த மனுசன் காது நல்லா இருந்திருக்கும் என்று.

நான் பதினொன்றாவது படிக்கும்போது நிலக்கோட்டைப் பக்கம் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. மொட்டுப் புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் அந்த மூக்கைக் கரிக்கிற வாசம் வந்தது, அம்மா பூத்துணியைப் பிரிக்கும்போது வருகிற அதே வாசம். பூவே இல்லாமல் அது மட்டும் தனியாக வந்தது. நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மயக்கமாடி என்று கேட்டாள். வெயிலுடி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அப்பாவிடம் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. துணியை முகர்ந்ததுமே தெரிந்துபோச்சா, அதற்காகத்தான் என் கண்ணைக் குறை சொன்னீங்களா என்று. கேட்பதென்றால் கத்த வேண்டும். கத்தினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

புழு செத்த அந்தச் சாயங்காலம் நான் அழுது முடித்து ரூமுக்குத் திரும்பி வந்தபோது டப்பாக்களையெல்லாம் அப்பா கழுவிக் கவிழ்த்திருந்தார். அம்மா படிக்கட்டில் மறுபடி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு இருந்தாள். அப்பா போய்ப் பூக்கூடையைத் தூக்கினார். உள்ளே கொண்டுவந்து, டப்பாக்கள் இருந்த மூலையில், ஃபேனுக்கு நேராக வைத்தார். இங்கனயே உக்காந்து கட்டு புள்ள, வெளிய கொசு கடிக்குது என்றார். அம்மா உள்ளே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கேயாவது கோபம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றானதும் உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாரைக் கையில் எடுத்தார். இரும்புக் குழாய் தூக்கிப் பழகிய விரலுக்கு மல்லிகை மொட்டு அடங்கவில்லை, நாலு கட்டினால் மூன்று நசுங்கியது. அம்மா, அய்யோ கடைக்காரக்கா என்னை உரிச்சுருவா, வைங்க அதை என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். எனக்கு ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் போய் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டேன்.

எத்தனையோ மாசத்துக்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கத்தாத சாயங்காலம் அது. ஓட்ஸ் பேச்சில்லை, கிண்ணம் பேச்சில்லை, கை கழுவினாயா என்று கேட்க ஆளில்லை. நாளைக்குச் செள்ளு பார்க்க வேண்டாமாப்பா என்று அவருடைய வலது காதில் கேட்டேன். வேண்டாம் தாயி, நல்லாத் தூங்கு என்றார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தினமும் இப்படியே இருக்கலாம்ப்பா என்றேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷனுக்கு எப்போது கோபம் வராமல் நின்றுபோகும் என்று அந்த வயசில் எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அப்பாவுக்கு இன்றைக்குக் கோபமே வரவில்லை, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, அவர் மடியில் தலையை வைத்துச் சந்தோஷமாகத் தூங்கிப்போனேன்.